டிரைவர்களை நீக்கினால் பழைய வொர்க்ஸ்டேஷன் வேகமாகிவிடாது

பெங்களூருவின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழைய வொர்க்ஸ்டேஷன் (அலுவலகப் பணிக்கான சக்திவாய்ந்த கணினி) வாங்கி லினக்ஸ் போடுகிறவர்கள், தேவையற்ற டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) நீக்கிக் கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி இறங்காதீர்கள்.

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் தரும் கர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் மாட்யூல்களாகவே, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏறும் தனிக் கோப்புகளாகவே, இருக்கின்றன. உங்களிடம் இல்லாத கார்டின் மாட்யூல் ஹார்டுடிஸ்கில் சும்மா கிடக்கும். ரேமில் ஏறாது, பிராசஸரையும் தொடாது. நீக்கினால் மிச்சமாவது கொஞ்சம் இடமும் கம்பைல் ஆகும் நேரமும்தான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அவர் பரிந்துரைக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அன்று செருகாத பிரிண்டரும் வெப்கேமராவும் பிறகு அடையாளம் தெரியாமல் போகலாம். பழைய வொர்க்ஸ்டேஷன்கள் பலவற்றில் ஹார்டுடிஸ்க் ஸ்கஸி அல்லது எஸ்ஏஎஸ் வகையைச் சேர்ந்த தனி டிஸ்க் கன்ட்ரோலரில் மாட்டியிருக்கும். அதன் டிரைவர் கர்னலிலும் இல்லை, பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் இல்லை என்றால், லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை ஏற்ற முடியாமல் கணினி 'கர்னல் பேனிக்' என்ற பிழையில் நின்றுவிடும்.

வேகம் குறைந்ததற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு: பிராசஸர்களில் இருப்பதாக 2018இல் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறையைத் தடுக்கக் கர்னலில் சேர்த்த பாதுகாப்பு. இந்தச் சுமையைக் குறைக்கும் பிசிஐடி வசதி இல்லாத, கோர் 2 காலத்து இன்டெல் சியான் பிராசஸர்களில் அதன் சுமை அதிகம். அதை நிறுத்தக்கூட கம்பைல் வேண்டாம், பூட் ஆகும்போது கர்னலுக்குத் தரும் ஓர் அளவுரு போதும். ஆனால் இணையத்தில் இணைந்த கணினியில் நிறுத்தாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் ஹார்டுடிஸ்க்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கம்பைல் செய்தே தீருவேன் என்பவர்கள், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருங்கள்; புதியது பூட் ஆகாவிட்டால் அதற்குத் திரும்பலாம்.