பஸ் காசு கொடுக்கத்தான் சங்கம்

நம் இதழியல் துறை முன்னாள் மாணவர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்கள் குரூப்பில் ஓடிய சண்டையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"பஸ் காசு கொடுக்கிறதுக்கா நமக்கு ஒரு சங்கம்?" என்று ஒரு சீனியர் கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நாளிதழ் ஆபீஸுக்குப் பயிற்சிக்குப் போகிற நம் துறை மாணவர்களுக்குப் பயணப்படி தரும் தீர்மானம் அத்தோடு போச்சு. அடுத்த ஐந்து நிமிஷத்தில் துறைக்குக் கேமரா வாங்குவதும் வாசலில் நுழைவு வளைவு கட்டுவதும் கைதட்டலோடு நிறைவேறின.

ஆமாம் அண்ணே. பஸ் காசு கொடுக்கத்தான் சங்கம்.

கேட்டது எவ்வளவு? 20 பேர், ஆளுக்கு மாதம் 1,500, இரண்டு மாதம். மொத்தம் 60,000 ரூபாய். வளைவுக்கு ஒதுக்கியது இதைவிட அதிகம்.

புதுச்சேரியில் நாளிதழ் ஆபீஸில் வேலை சூடு பிடிப்பதே சாயங்காலம்தான். பகலில் போகிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது வந்த பிரஸ் நோட்டைத் திருப்பி டைப் அடிக்கிற வேலை. மாவட்டத்துச் செய்தி வந்து குவிவது, எது முதல் பக்கம் எது உள்பக்கம் என்று செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் வாக்குவாதம் நடப்பது, தலைப்பு மூன்று தடவை மாறுவது, விளம்பரம் வந்ததும் நாலு பத்தி ஒன்றரையாகச் சுருங்குவது, எல்லாமே ஆறு மணிக்கு மேல். எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் பயிற்சி. குறிஞ்சிப்பாடி தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்துப் பெண் நாலரைக்குப் பையைத் தூக்கினால்தான் ஊருக்குள் போகும் பஸ்ஸைப் பிடிக்க முடியும். இரண்டு மாதம் முடிந்து சான்றிதழோடு வருவாள், பக்கம் எப்படி முடிகிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு வேலைக்குத் தேர்வு வைக்கும்போது, "எடிட்டிங் தெரியலை" என்று நம்மாட்களே அவளைத் தள்ளிவிடுகிறார்கள்.

"பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே" என்று குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த அந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ராத்திரி இறங்கியபின் ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ இருக்காது, தனி ஆட்டோதான். பையன்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

"பத்திரிகை நிறுவனம்தானே கொடுக்கணும்?" சரிதான், கொடுக்கணும். நம் பிள்ளைகள் போகும் இடங்களில் கொடுப்பதில்லை. அவர்கள் மனசு மாறும்வரை இந்தப் பிள்ளைகள் படிப்பை நிறுத்தி வைப்பார்களா?

"பணமாகக் கொடுத்தால் கணக்கு நிற்காது" என்பது இன்னொரு பேச்சு. நிற்கும். முதல் தேதியன்றே மாணவர் வங்கிக் கணக்கில் 1,500 போடுங்கள். மாதக் கடைசியில் பயிற்சி கொடுத்த ஆபீஸின் கையெழுத்தோடு வருகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு வந்தால் அடுத்த மாதப் பணம். இவ்வளவுதான். தயவுசெய்து, "முதலில் செலவு பண்ணு, பில்லைக் கொடு, அப்புறம் தருகிறோம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கையில் காசு இல்லாதவனுக்குத்தான் இந்தத் திட்டம்.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறையில் கேமராவுக்கு என்ன ஆகும் என்று தெரிந்து சொல்கிறேன். வந்தவுடன் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். தொலைந்தால் பொறுப்பேற்ற ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அதனால் அவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், பூட்டிய இரும்பு பீரோவுக்குள் ஒரு மழைக்காலம் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும், அது நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும். இதற்கு யார் பொறுப்பு என்று தீர்மானத்தில் ஒரு வரி இல்லை. இரண்டாவது பேட்டரி இல்லை, மெமரி கார்டு இல்லை, மைக் இல்லை. பத்தடி தள்ளி நின்று கேமராவின் சொந்த மைக்கில் பதிவு செய்தால் மீனவர் பேச்சு கேட்காது, கடல் சத்தம்தான் கேட்கும். மாணவர் கையில் ஏற்கெனவே போன் இருக்கிறது. சட்டையில் குத்துகிற மைக் பத்து வாங்கிக் கொடுங்கள், ஒரே நேரத்தில் பத்துப் பேர் களத்துக்குப் போவார்கள்.

அப்புறம் நேரம். அண்ணன்மார்களே, உங்களிடம் பணத்தைவிட அதைத்தான் கேட்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஒருவருக்கு இரண்டு மாணவர்கள். அவர்கள் எழுதிய செய்தியைத் திறந்துவைத்து இதை யார் சொன்னார், இந்த எண் எங்கிருந்து வந்தது, எதிர்த்தரப்பைக் கேட்டாயா என்று வரிவரியாகக் கேளுங்கள். தகவல் உரிமை மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 சட்டப்படி கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். செமஸ்டரே நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாரத்திலேயே மனு போனால்தான் கட்டுரைக்குள் பதில் வரும். எட்டாவது வாரம் போட்டு, மேல்முறையீடுவரை போனால் பதில் வரும்போது பரீட்சை முடிந்திருக்கும். "ஏன்" என்று கேட்டு மனு போட்டால் தட்டிக்கழிப்பார்கள், சட்டம் விலக்கு அளிக்காத ஆவணத்தின் நகலைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். களத்தில் இருப்பவர்களுக்கு இது கைவந்த விஷயம். மாணவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிரான்ஸில் இருக்கும் நம் அண்ணன்கள் பணம் அனுப்பத் தயார் என்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் கவனம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால், புதுச்சேரியிலேயே பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதைத் தொடக் கூடாது. பதிவு வாங்கினாலும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் கணக்கு திறந்து அதில்தான் வாங்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. பாரீஸில் இருந்தே தரலாம்.

வளைவில் பாரதி படம் போடப் போகிறோமாம். 1908இல் புதுச்சேரிக்கு வந்து 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். 1910இல் அது நின்றது. எழுதக் கை இருந்தது, அச்சு இருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை போகாமல் தடுத்தார்கள், வாசகனிடம் சேர வழியில்லை. அவர் படத்தை வாசலில் மாட்டிவிட்டு, வழிச்செலவு கேட்ட பிள்ளைகளைப் பார்த்து "இதுக்கா சங்கம்" என்று கேட்பது எனக்கு வலிக்கிறது.

கடைசியாக வந்த யோசனையை நான் மறக்க மாட்டேன். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்பதால் மாணவர் பத்திரிகையின் பக்கங்களை அச்சுக்கு முன் நிர்வாகக் குழு பார்க்க வேண்டுமாம். அவதூறு வழக்கு வரும் என்ற பயமா? வக்கீலாக இருக்கும் நம் ஆள் ஒருவர் படித்து, எந்த வரிக்கு ஆதாரம் போதவில்லை என்று மட்டும் சொல்லட்டும். முடிவு மாணவ ஆசிரியரும் துறையும் எடுக்கட்டும். பணம் கொடுத்தவர் பக்கத்தைத் தொடக் கூடாது. நாளைக்குச் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னதை ஒரு பெண் எழுதிக்கொண்டு வருவாள். குழுவில் இருப்பவருக்குத் தெரிந்த கம்பெனி என்று அது பக்கத்திலிருந்து காணாமல் போனால், அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்த தொழில் என்ன? நாம் படித்தபோது நம் பக்கத்தில் யாராவது கைவைத்திருந்தால் விட்டிருப்போமா?

பயிற்சி மே முதல் வாரம் தொடங்குகிறது. ஏப்ரல் கடைசிக்குள் மறுபடி கூட்டம் கூட்டுங்கள். அதே தீர்மானத்தை 20 பேரின் ஊர், பஸ் ரூட், தினச் செலவோடு எழுதிக் கொண்டுவருகிறேன். வேண்டாம் என்பவர்கள் அதைப் படித்துவிட்டுக் கை தூக்குங்கள்.