தொட்டியின் உயரத்தையும் பாருங்கள்
முன்புறம் திறக்கும் வாஷிங் மெஷின் தண்ணீரை வெகுவாக மிச்சப்படுத்துவதால் எல்லா வீட்டுக்கும் அதுவே சரி என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. மிச்சம் உண்மைதான், ஆனால் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே மேல்தளத்தில் குடியிருப்பவர்களை நினைத்துப் பார்த்தீர்களா? 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. தண்ணீர் நூலாக இறங்க, மெஷின் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மேலே திறப்பது என்றால் வாளியால் ஊற்றியாவது துவைத்துவிடலாம். போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புநீர்! மெஷினுக்குள் தண்ணீரைச் சூடேற்றும் கம்பியைக் கழற்றியபோது வெள்ளைச் சுண்ணாம்பு கெட்டியாக அப்பியிருந்தது. முன்புறம் திறப்பதில் துணி தேய்மானம் குறைவு என்று முந்தைய கருத்தில் ஒருவர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கும் முன் குழாயடியில் வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.