'கண்ணுக்குக் கண்' என்பது யூதச் சட்டமா?

ஒருவர், "கண்ணுக்குக் கண் என்பதுதான் யூதர்களின் சட்டம், மரண தண்டனைக்கு அவர்களே முன்மாதிரி" என்று எழுதியிருக்கிறார். வசனம் இருப்பது உண்மைதான், யூத வேதநூலான யாத்திராகமம் 21-இல். ஆனால் ரபீக்களின், அதாவது யூதச் சமய அறிஞர்களின், சட்டம் அதோடு நிற்கவில்லை.

சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாபா கம்மா என்ற பகுதியின் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனின் கண்ணைப் போக்கினால் கொடுக்க வேண்டியது பணம். அதுவும் ஐந்து வகையில்: உறுப்பு இழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலை இழப்பு, அவமானம். உறுப்பு இழப்பைக் கணக்கிடும் முறை நமக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்: அடிமைச் சந்தையில் அவன் முன்பு என்ன விலை போவான், இப்போது என்ன விலை போவான் என்ற வித்தியாசம். அவமானத்துக்கும் இழப்பீடு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

சரி, மரண தண்டனை? இரண்டு சாட்சிகள் வேண்டும், குற்றவாளியை முன்கூட்டியே எச்சரித்திருக்கவும் வேண்டும். ஏழு ஆண்டுகளில் ஒருவருக்கு மரண தண்டனை கொடுத்த நீதிமன்றத்தையே 'நாசகார மன்றம்' என்கிறது மிஷ்னாவின் மக்கோத் பகுதி. எழுபது ஆண்டுகளில் ஒருவர் என்றாலும் அப்படித்தான் என்றார் ரபீ எலெயாசர் பென் அசரியா. அந்த மன்றத்தில் நாங்கள் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்றார்கள் ரபீக்கள் தர்ஃபோனும் அகிவாவும். அப்படிச் செய்தால் கொலைகாரர்கள் பெருகுவார்கள் என்று இன்னொரு ரபீயான ஷிமோன் பென் கம்லியேல் மறுத்ததும் அங்கேயே இருக்கிறது. அதை மறைத்தால் நானும் பாதிதான் சொன்னதாகும்.

அப்புறம் இஸ்ரேல். சாதாரணக் கொலைக்கு மரண தண்டனையை 1954-இல் நீக்கியது. 1962-இல் யூதப் படுகொலையில் முக்கியப் பங்கு வகித்த நாஜி அதிகாரி ஐக்மனைத் தூக்கிலிட்டது நாஜிக் குற்றங்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ்.