நூல் கண்டு விற்கிறவர்களே, எந்தச் சாயத்தொட்டியில் தோய்த்த நூல் என்று காட்டும் லாட் நம்பரை லேபிளில் போட என்ன கேடு உங்களுக்கு?

ஸ்வெட்டரின் பின்பக்கம் முழுசாகப் பின்னி முடிந்து, முன்பக்கமும் பாதிக்கு மேல் ஏறி, கைக்குழிக்குக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) குறைக்க ஆரம்பித்து, புதுக் கண்டை இணைத்து நாலைந்து வரிசை போன பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், மார்புக்குக் குறுக்கே அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நான் வாங்கிய கரும்பச்சை. மேலே நீலம் கலந்த வேறு ஏதோ ஒரு பச்சை. ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே போனால்தான் ஊருக்கே தெரியும்.

இதற்காகத்தான் 12 கண்டையும் ஒரே ஆர்டரில் வாங்கினேன். பணம் கட்டும் முன்னாலேயே, எல்லாம் ஒரே லாட்தானே என்று விற்றவர்களிடம் எழுதியும் கேட்டேன். வந்த பதில்: "ஆமாம், எல்லாம் ஒரே பச்சைதான்." நான் நிறத்தையா கேட்டேன்? லாட்டைக் கேட்டேன் ஐயா, லாட்டை! பார்சல் வந்ததும் ஒவ்வொரு கண்டாகத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. துவைக்கும் குறிகள் இருக்கின்றன. நூறு சதவீதம் அக்ரிலிக், அதாவது செயற்கை இழை, என்று போட்டுவிட்டு பக்கத்திலேயே ஒரு செம்மறி ஆட்டுக்குட்டி வேறு சிரித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டுக்குட்டிக்கு இடம் இருக்கிறது, லாட் நம்பருக்கு இடம் இல்லையாம்.

பின்னுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை சாயத்தொட்டியில் போட்டு எடுத்த நூலும் அடுத்த தடவை எடுத்த நூலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. வெப்பம், நேரம், சாயத்தின் அளவு, எது கொஞ்சம் மாறினாலும் நிறம் நகர்ந்துவிடும். அது இயற்கை, அதில் எனக்குக் கோபமே இல்லை. அதற்காகத்தானே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நம்பர் கொடுத்து லேபிளில் அடிக்கிறார்கள்? நாலு இலக்கம். அதை அச்சடித்தால் குடியா முழுகிவிடும்?

சரி, படம் எடுத்து அனுப்பினேன். "ஸ்கிரீனில் நிறம் சற்று மாறித் தெரியலாம்" என்று பதில். நான் ஸ்கிரீனையும் நூலையும் ஒப்பிடவில்லை, நூலையும் நூலையும் ஒப்பிடுகிறேன், இரண்டும் ஒரே ஊசியில் அக்கம்பக்கமாக இருக்கின்றன என்று திருப்பி எழுதினேன். "துவைத்தால் சமமாகிவிடும்" என்றார்கள். எது சமமாகும்? எப்படிச் சமமாகும்? சரி, மாற்றியாவது கொடுங்கள் என்றேன். அதற்கு வந்ததுதான் பதில்களுக்கெல்லாம் தலையாய பதில்: பிரிக்காத, பயன்படுத்தாத கண்டுகளை மட்டுமே திரும்ப எடுப்பார்களாம். பிரித்துப் பின்னிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், பிரித்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். இந்த விதியை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு கண்ணியாவது ஊசியில் ஏற்றியிருப்பாரா?

இனி என்ன, பிரிக்க வேண்டியதுதான். முன்பக்கத்தைக் கீழ் பார்டர் வரை பிரித்து, பழைய லாட்டில் இரண்டு வரிசை, புது லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு விழாமல் இரண்டும் கலந்துவிடும். வழி இருக்கிறது. ஆனால் முதலிலேயே நம்பர் தெரிந்திருந்தால் முதல் வரிசையிலிருந்தே அப்படிப் பின்னியிருப்பேனே! முன்பக்கம் மட்டும் கலப்பாக வந்து பின்பக்கம் சுத்தக் கரும்பச்சையாக இருந்தால் பக்கத் தையலில் தெரியும், அதனால் பின்பக்கத்தையும் பிரித்து, கைகளையும் கலப்பில் போட்டு, கலப்பு நூல் எந்தெந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று தராசில் எடை போட்டுப் பங்கு வைக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு உட்கார்ந்தவர்களைக் கணக்குப்பிள்ளையாக்கி விடுகிறார்கள்.

கணக்கு என்றதும் அடுத்தது. நீளம் போடாமல் எடையை மட்டும் போட்டு விற்கிறார்களே, அது என்ன நியாயம்? டிகே என்கிற நடுத்தரத் தடிமனில் பெரியவர் ஒருவருக்கு ஸ்வெட்டர் என்றால் சுமார் 1,200 மீட்டர் வேண்டும். பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, மீட்டரில்தான் பேசும், கிராமில் பேசாது. 100 கிராம் மெல்லிய ஃபிங்கரிங் நூல் 400 மீட்டர் வரை ஓடும். அதே 100 கிராம் டிகே என்றால் 200, 240. தடியான சங்கி நூல் என்றால் 100 மீட்டர் சொச்சத்தில் தீர்ந்துபோகும். அப்படியென்றால் "பெரிய கண்டு, மலிவு விலை" என்று விளம்பரம் செய்கிற தடிமனான நூல், பின்னி முடிக்கும்போது மெல்லிய நூலைவிட இரட்டைச் செலவு வைத்தாலும் ஆச்சரியம் இல்லை. மலிவா இல்லையா என்பது மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு எண்ணைத்தான் மறைக்கிறார்கள்.

முடிச்சு! அதை விட்டுவிட்டேனே. கண்டின் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே போனால் ஓரிடத்தில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டு அப்படியே சுற்றியிருப்பார்கள். அதுவும் வரிசையின் நட்டநடுவில்தான் வரும். முடிச்சை வெட்டி, இரண்டு பக்கமும் வால் விட்டு, பிறகு இரண்டு வாலையும் ஊசியால் கோத்து மறைக்க வேண்டும். ஒரே கண்டில் இரண்டு மூன்று முடிச்சு என்றால் அது கண்டா, மிச்சம் மீதிகளின் மூட்டையா?

இதையெல்லாம் வெளியே சொன்னால் உடனே ஒரு கூட்டம் வரும்: "அக்ரிலிக் வாங்கினால் அப்படித்தான், மெரினோ கம்பளி வாங்குங்கள்." ஏன், கையில் காசு குறைவாக இருப்பவர்கள் பின்னக் கூடாதா? குழந்தைப் போர்வைக்கு அக்ரிலிக்கைவிடத் தோதான நூல் எது? வாரத்துக்கு நாலு தடவை மெஷினில் போட்டாலும் தாங்கும். சாதாரணக் கம்பளியை அப்படிச் சுடுதண்ணீரில் போட்டுச் சுழற்றினால் சுருங்கித் தடித்து பொம்மைக்குத்தான் ஆகும். அப்படிச் சுருங்காமல் இருக்க சூப்பர்வாஷ் கம்பளி வேண்டும், அதற்கு ரசாயனப் பதம் உண்டு, அதற்கும் சேர்த்து விலை உண்டு. மலிவு நூல் வாங்குகிறவர்களுக்கும் லாட் நம்பர் வேண்டும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும், தப்பாகிவிட்டால் இன்னொரு செட் வாங்க வழி இல்லாதவர்கள் அவர்கள்தானே.

இன்னொரு கூட்டம், "ரெடிமேடாக வாங்கினால் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்குமே" என்பவர்கள். கிடைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எனக்கு வேண்டியது ஸ்வெட்டர் மட்டும் இல்லை. நாள் முழுக்க அலறிக்கொண்டிருந்த தலை, ஊசியைக் கையில் எடுத்துப் பத்து வரிசை போனதும் அடங்குகிறதே, அது வேண்டும். விரல் நுனியில் நூல் இழுபடும் அந்த அளவான இறுக்கம் வேண்டும். கேபிள் பின்னலில் மூன்று கண்ணியை முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த மூன்றைப் பின்னி முடித்ததும் திடீரென்று முறுக்கு எழுந்து நிற்குமே, எத்தனை தடவை செய்தாலும் அந்த நொடியில் மனசு நிறைந்துபோகிறது. அது எந்தக் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும்?

இப்போதைக்கு நான் நம்புகிற ஒரே மலிவு நூல், பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுப்பதுதான். வாங்கும் முன் உள்பக்கத் தையலைப் பாருங்கள். பின்னல் ஓரம் முழுசாக இருந்து, தைத்த நூல் தனியாக உருவ வந்தால் எடுக்கலாம். ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் தொடாதீர்கள், ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். ஒரு முழு ஸ்வெட்டரின் நூல், பெரும்பாலும் ஒரே லாட்! எவரிடமும் கெஞ்ச வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ஒருவர் உதடு அசைய 116, 117, 118 என்று கண்ணி எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று "மணி என்ன?" என்று கேட்கிறீர்களே, சுவரில் கடிகாரம் தொங்குகிறதே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா? அதுவும் பதில் சொன்ன பிறகு நகராமல், "எவ்வளவு தூரம் முடிந்தது?" என்று அடுத்த கேள்வி! அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்!