இலை கொட்டும் மரத்தின் மீது ஏன் இத்தனை கோபம்?

பெங்களூரில் பிப்ரவரி பிறந்தால் குடியிருப்போர் சங்கங்களில் ஒரே புலம்பல். தூங்குமூஞ்சி மரம் இலையைக் கொட்டுகிறது, பெருக்கி மாளவில்லை, கார் மேலெல்லாம் குப்பை. எங்கள் சங்கத்தில் இந்த ஆண்டு தீர்வையே கண்டுபிடித்துவிட்டார்கள். இருப்பதை வெட்டிவிட்டு மழைக்காட்டு மரங்களை நட வேண்டுமாம். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "எங்க மலையில் நாங்கும் வெடிப்பலாவும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கின்றன."

நிற்கின்றன, அண்ணாச்சி. அங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. இங்கே சராசரி 1,000 மி.மீ.க்கு உள்ளேதான், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் வானம் கைவிரித்துவிடும். பச்சையாக நிற்கிறது என்பதற்காக ஒரு மரத்தை வறட்சி தாங்கும் மரம் என்று நம்பக் கூடாது என்பதே என் கட்சி.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அதன் கீழுள்ள நீர் இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் அந்த இழுவை, மரத்துக்குள் நீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாய்கள் வழியாக வேர் வரை இறங்குகிறது. 1894இல் அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. உறிஞ்சு பம்பு 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்தாது. போர்னியோவின் சபா மழைக்காட்டில் 100 மீட்டர் உயரத்து மெராண்டி மரம் ஒன்று மோட்டார் இல்லாமல் உச்சிக் கிளைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது!

ஆபத்தும் அந்த இழுவையில்தான். மண் காயக் காய இழுவை கூடும். எல்லை மீறினால், குழாய்ச் சுவரில் உள்ள நுண்குழிகளின் சவ்வு வழியே காற்று புகுந்து விரியும். அந்தக் குழாயில் பிறகு நீர் ஓடாது. குழாயின் விட்டம் இரட்டிப்பானால் நீரோட்டம் 16 மடங்காகும் என்பதால், மழை மிகுந்த இடத்தில் அகன்ற குழாய் பெரிய லாபம். அகன்ற குழாய் உள்ள மரமெல்லாம் வறட்சியில் முதலில் சாகும் என்று சிலர் எழுதுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. காற்றைத் தடுப்பதில் அந்தச் சவ்வின் பங்கு பெரிது. அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நாங்கு மரக்கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம் என்பதும் வறட்சியைத் தாங்கும் என்பதற்கு முழு உத்தரவாதம் ஆகாது.

2012இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 காட்டு மர இனங்களை ஒப்பிட்டது. சுமார் 70 சதவீத இனங்கள், குழாயில் காற்று புகும் ஆபத்தின் விளிம்பிலிருந்து 1 மெகாபாஸ்கல் (இழுவையை அளக்கும் அலகு) கூட விலகியில்லை; மழைக்காட்டு மரங்களும் இதில் விலக்கல்ல. அமேசானின் கஷியுவனா காட்டில் 2002 முதல் பிளாஸ்டிக் பலகைகளை விரித்து, மரங்களுக்கடியில் விழும் மழையில் ஏறக்குறைய பாதியைத் தடுத்துப் பார்த்தார்கள். அதிகம் செத்தவை ஓங்கி வளர்ந்த பெரிய மரங்கள். சேமித்த மாவுச்சத்து தீர்ந்து பட்டினியால் சாகவில்லை, நீர்க்குழாய்கள் செயலிழந்ததே காரணம் என்கிறது 2015இல் வந்த முடிவு.

இப்போது நாம் திட்டும் மரத்தைப் பாருங்கள். கோடைக்கு முன்பே இலையை உதிர்த்து நீராவிப்போக்கைக் குறைத்துக்கொள்கிறது. வெளியேறும் நீர் குறைவதால் தண்டில் மறுபடியும் நீரேறுகிறது. மழைக்குக் காத்திராமல் தளிர்விடவும் முடிகிறது. இதே போல இலை உதிர்த்துத் தளிர்க்கும் இந்த ஊர்ப் புங்கன்கள் ஏப்ரல் வெயிலில் பளபளவென்று நிற்பதைப் பார்க்காதவர் உண்டா?

மரத்துக்கு நல்லது செய்தே ஆக வேண்டும் என்றால், அடிமரத்தை நெரிக்கும் சிமெண்டை முதலில் உடையுங்கள். தினமும் ஹோஸ் பிடித்து இலையைக் குளிப்பாட்டாமல், எப்போதாவது ஊற்றினாலும் வேர் வரை ஊறும்படி ஊற்றுங்கள். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்குத் தவம் கிடந்தவர்கள் நாம். புதிய மழைக்காட்டுக்கு மார்ச் மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சங்கம் எழுத்தில் தரட்டும். மறுநாளே நானும் கையெழுத்துப் போடுகிறேன்.