நின்றுவிட்டான் என்று சொல்லாதீர்கள்

என் அத்தான் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஜூன் பிறந்தால் மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. கல்லூரிகள் கட்டணம் கேட்பது சரியாக அந்த மாதத்தில்தான். 2024 ஜூனில் அக்காவின் இரண்டு வளையல்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயின. அக்காவின் மகன், என் மருமகன், வெளிமாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்தான்.

ஓண விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "மாமா, அங்கே நடத்துவது ஒன்றும் எனக்குத் தலையில் ஏறவில்லை" என்றான். அக்கா அழுதாள். அத்தான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிவைத்தார்கள். நானும் பெரிய மனிதனாக "கொஞ்ச நாள் விடுங்கள், மனம் மாறுவான்" என்று அறிவுரை சொன்னேன். அவன் மனம் மாறவில்லை. தீபாவளி கழிந்ததும் ஊரே சொல்லிவிட்டது: "பையன் படிப்பை விட்டு நின்றுவிட்டானாம்."

இந்த 'நின்றுவிட்டான்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் கோபம் வருகிறது. நின்றுவிடுவது வேறு, விலகுவது வேறு. நின்றுவிட்டவன் கல்லூரிப் பதிவேட்டில் இன்னமும் மாணவன்தான். வருகைப்பதிவு குறையும், பாக்கி ஏறும். விலகுகிறவன் ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுக்கிறான். அதைச் செய்யாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் நம் பணத்தில் கழிகிறது.

அந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு என்ன சொல்லியிருந்தது என்று பிறகுதான் படித்தேன். 2024 செப்டம்பர் 30 வரை சேர்க்கையை ரத்து செய்தால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பத் தர வேண்டும். அக்டோபர் 31 வரை என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 15. ஆக, முழுப் பணத்தையும் வாங்க எங்கள் கையில் இரண்டு வாரம் இருந்தது. ஆயிரம் ரூபாய் நட்டத்தோடு தப்பிக்க மேலும் ஒரு மாதம். அக்டோபர் 31 என்ன நாள் தெரியுமா? தீபாவளி! கடைசி நாளன்று நாங்கள் குடும்பத்தோடு முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருந்தோம்.

இப்படித் தனியாகத் தேதி அறிவிக்காத ஆண்டுகளுக்கு மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை இருக்கிறது. அதில் எல்லாம் சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்துத்தான் கணக்கு. அதற்குப் பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் முழுக் கட்டணம், செயல்முறைச் செலவு மட்டும் கழியும். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. முப்பத்தோராம் நாள் பூஜ்யம். சேரும்போது வாங்கிவைக்கும் காப்புத் தொகை (டெபாசிட்) இந்தக் கணக்கில் சேராது, அதை முழுவதுமாகத் தர வேண்டும்.

நவம்பரில் நாங்கள் போனபோது பணத்தை மறந்தே போனோம். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கிடைத்தால் போதும் என்ற நிலை. அலுவலகத்தில் இருந்தவர், மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை, மளிகைக் கடையில் பாக்கி கேட்பது போலக் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். வளையல் கணக்கு அவர் கண்ணில் ஓடுவது தெரிந்தது. அதே 2018 அறிவிக்கையை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். அசல் சான்றிதழ்களை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது, மாணவன் படிக்கப்போகும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டுமே முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம் என்ற இரண்டு இடங்களிலும் கோடு போட்டு நீட்டினேன். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்துச் சான்றிதழ்களோடு வந்தார். பணம் வரவில்லை.

பணம் வராததில் கல்லூரியை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். நவம்பரில் காலியாகும் இடத்தில் யாரைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள்? பேராசிரியருக்குச் சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும். ஆனால் நடத்தாத பாடத்துக்குக் கட்டணம், அதற்குப் பிணையாகப் பதினேழு வயதுப் பையனின் சான்றிதழ் என்பது என்ன நியாயம்? கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல மாற்றுச் சான்றிதழ் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகள் தொடர்பான வழக்கில் சொன்னது. கல்லூரிக்கு மட்டும் அது கருவியாகிவிடுமா?

எழுதிக் கொடுக்காததால் வரும் இழப்பு பணம் மட்டுமல்ல. குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பொறியியல் படித்தாள், எல்லாப் பருவத்திலும் நல்ல மதிப்பெண். ஐந்தாம் பருவத் தேர்வு நடக்கும்போது அம்மா இறந்துபோனார். இரண்டு தாள் எழுதவில்லை. இரண்டும் அரியர். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் இதற்கென்றே வழி இருக்கிறது. உடல்நலக் குறைவு, குடும்பத்தில் எதிர்பாராத துயரம் போன்ற காரணங்களுக்காக, படிப்புக் காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு பருவத்தில் தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். பத்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி; அசாதாரண நிலைமையில் அதையும் தளர்த்துவார்கள். அப்படி விலகினால் அது தேர்வெழுதிய தடவையாகக் கணக்கில் வராது, சிறப்புத் தகுதியோடு கூடிய முதல் வகுப்பும் பறிபோகாது. அந்தப் பெண்ணிடம் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வகுப்புக்குப் போனவளிடம் "அரியரை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்" என்றார்களாம். ஆறுதல்!

அதனால் விலக நினைக்கிறவர்கள் ரோஷப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். பதில் இல்லையென்றால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை சொல்வதை நம்ப உங்களுக்கு ஒரு மாதம் ஆகலாம். விதி அந்த ஒரு மாதத்தைத் தராது.

மருமகன் மறு ஆண்டு கோணம் அரசு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தான். இப்போது வீட்டு மோட்டார் பழுதானால் அத்தான் அவனைத்தான் கூப்பிடுகிறார்.

அக்காவின் இளையவளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது நானும் உடன் போனேன். சேரும் நாளிலேயே விலகுவதைப் பற்றிக் கேட்பது அபசகுனம் என்று பஸ்ஸில் என்னிடம் சண்டை போட்ட அக்கா, கட்டணம் கட்டும் ஜன்னலில் தானே குனிந்து கேட்டாள்: "சார், பிள்ளை படிக்கவில்லை என்றால் எந்தத் தேதிக்குள் எழுதித் தர வேண்டும்?" அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, ரசீதின் பின்பக்கம் ஒரு தேதியை எழுதிக் கொடுத்தார்.