‘தகாத வார்த்தை’ என்று எழுதாதீர்கள்

மனு எழுதித் தருபவர்களுக்குக் கை பழகிய ஒரு வரி உண்டு: “எதிரிகள் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தனர்.” ஒரு வன்கொடுமை வழக்கைச் சாதாரண அடிதடி வழக்காக்க இந்த ஒரு வரி போதும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் அதற்கென்றே எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, 3(1)(எஸ்). ஆனால் அந்தப் பெயர் புகாரில் எங்கே?

என்ன சொல்லித் திட்டினார்களோ அதை அப்படியே எழுத வேண்டும், கெட்ட வார்த்தையோடு சேர்த்து. பக்கத்தில் அம்மாவும் தங்கச்சியும் நிற்கும்போது வாய்விட்டுச் சொல்லக் கூசும்தான். அப்படியென்றால் தனியாக உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடம், எத்தனை மணி, யார் யார் கேட்டார்கள் என்பதும் அதிலேயே வரட்டும். திட்டியது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் என்று சட்டம் கேட்கிறது. யாரும் இல்லாத நாலு சுவருக்குள் பேசியது இந்தப் பிரிவில் நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் டீக்கடையில் நின்றவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் பெயரெல்லாம் முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால், “இட்டுக்கட்டியது” என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையாக இருக்கட்டும், குடியாத்தம் ஜி.எச். ஆக இருக்கட்டும், டாக்டர் ஏ.ஆர். எனும் காயப் பதிவேட்டில் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான். பயத்தில் “வண்டியிலிருந்து விழுந்துட்டேன்” என்று சொன்னால் அதுதான் கடைசிவரை பேசும். எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், எங்கே என்று சொல்லுங்கள். மூன்று பேர் அடித்ததை ஏ.ஆரில் ஒருவர் என்று சொல்லிவிட்டு, புகாரில் மூன்று பேர் என்றால் அங்கேயே ஓட்டை விழுகிறது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, “விசாரிச்சிட்டுக் கூப்பிடறோம், போங்க” என்பார்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். கிடையாது. இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்திலேயே, 18ஏ பிரிவில், சொல்லியாகிவிட்டது. “எங்க எல்லை இல்ல” என்பதும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், அதாவது எல்லை பார்க்காமல் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது. வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை. அந்த அதிகாரி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால்தான் அது பொருந்தும்.

அதற்குள் ஊரில் பேச்சு தொடங்கியிருக்கும். “இன்னாத்துக்கு இவ்ளோ பெருசாக்கறீங்க, பேசி முடிச்சிக்கலாம்.” கூடவே எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கவுன்டர் கேஸும் வரும், நீங்கள்தான் முதலில் அடித்தீர்கள் என்று. அதைக் காட்டி ராஜிக்கு இழுப்பது பழைய வித்தை. பயந்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். செல்போனில் வீடியோ இருந்தால் அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் போன காப்பி சுருங்கிவிடும், கோர்ட்டுக்கு மூலம்தான் வலு.

விசாரணை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்க வேண்டும், 60 நாளில் முடிய வேண்டும். எஸ்.ஐ. மட்டும் வந்து வாக்குமூலம் வாங்கிப் போனால் எழுத்தில் கேளுங்கள். சாதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறோம் என்றும் நாள் கடத்துவார்கள். அதைத் தருவது எஸ்.சி. என்றால் தாசில்தார், இருளர் போன்ற பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). கையில் சான்று இல்லாத இருளர் குடும்பங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. எஃப்.ஐ.ஆர். போடச் சான்று முன்நிபந்தனை இல்லை.

நிவாரணத் தொகை யாரும் போடும் பிச்சை கிடையாது. சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே 25 சதவீதம், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் 50, தண்டனையானதும் மீதி 25. இது மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் வழியாக வரும். தாமதமானால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது இன்னும் பலர் நினைவில் இல்லை. ஆற்காடு, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு வந்து ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எஸ்.சி., எஸ்.டி.க்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, போன் 15100. வன்கொடுமைப் புகார் உதவிக்கு 14566. தூக்கம் வராமல், அந்தத் தெரு வழியே நடக்கவே கை நடுங்கினால் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஜாமீன் மனு வந்தால் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும், உங்கள் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். 15ஏ பிரிவு இது. பெரும்பாலும் ஆள் வெளியே வந்து தெருவில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதனால் வக்கீலை வாரம் ஒருமுறை வழக்கு எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.